கல் சட்டி

(மிஷன் மருத்துவமனைப் பங்காளர் கூடுகையில் நாங்கள் பகிர்ந்துகொண்டதன் எழுத்து வடிவம்)



எங்களைப் பேச அழைத்த போதகர் ஐயா அவர்கள், "எத்தனை ஆபரேஷன், எத்தனை பிரசவம் என்பதெல்லாம் செய்திமடலிலேயே வந்துவிடுகிறது. அங்கே போய் நீங்கள் எப்படிக் குடித்தனம் பண்ணினீர்கள் என்று சொல்லுங்கள், ஜனங்கள் கொஞ்சம் சிரிக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே சிரிக்கிற காரியங்களை முதலில் சொல்கிறோம். சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. அதையும் சொல்லாமல் போனால் நாங்கள் வந்த காரியம் முடியாது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வடக்கே போனது 1993 ஜூன் மாதம். பீகாரில் கிழக்குச் சம்பாரண் மாவட்டம், நேபாள எல்லைக்குச் சற்று இப்பால் ஒரு சிற்றூர். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விடுகிறோம். இந்தக் கதையில் வருகிறவர்களின் உறவினர் இன்றைக்கும் அங்கே இருக்கிறார்கள். 1917இல் காந்தியடிகள் அவுரி விவசாயிகளுக்காகப் போய் நின்றாரே, அந்தச் சம்பாரண்தான். ஜார்ஜ் ஆர்வெல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1903இல் பிறந்த மோதிஹாரியும் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. நாங்கள் போகும்போது இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பாட்னாவுக்கு மேலே என்று மட்டும் தெரியும்.

எங்கள் சாமான்கள் இரண்டு டிரங்குப் பெட்டி, ஓர் இட்லிக் கொப்பரை, குடும்பத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு ஸ்வெட்டர், பிறகு பாட்டி கொடுத்தனுப்பிய கல்சட்டி. பழைய சோற்றுக்கும் வற்றல் குழம்புக்கும் கல்சட்டியைப் போல ஒன்று வராது என்பது பாட்டியின் விசுவாசம். அதைச் சேலையில் சுற்றி, மடியில் வைத்து, மூன்று நாள் ரயிலில் கொண்டுபோனோம். பாட்னாவில் இறங்கி, கங்கையின் மேலே அந்த நீண்ட பாலத்தைக் கடந்து, முசாபர்பூர், மோதிஹாரி வழியாக பஸ்ஸில் சுமார் 200 கிலோமீட்டர். ஒரு பகல் முழுவதும் போய்விட்டது. ஊர் வந்து இறங்குகிற சமயம் கூரையிலிருந்து எங்கள் டிரங்குப் பெட்டியை இறக்கியவர் அதை நேராகக் கல்சட்டியின் மேலேயே வைத்தார். ஊழியத்தில் எங்கள் முதல் இழப்பு அது. பாட்டிக்கு எழுதிய கடிதத்தில் மட்டும், "சட்டி நன்றாயிருக்கிறது" என்றே எழுதினோம். அதற்காக எங்களில் ஒருவர் இன்னும் மனஸ்தாபப்படுகிறார்.

போன வாரத்திலேயே கேஸ் இணைப்புக்கு விண்ணப்பம் கொடுக்கப் போனோம். எழுத்தர் பெயரைக் கேட்டார், சொன்னோம். "டைட்டில்?" என்றார். "டாக்டர்" என்றோம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பக்கத்தில் டைட்டில் என்றால் குடும்பப் பெயர். ஜா, சிங், பிரசாத் என்று ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். நமக்கோ ஒரு இனிஷியல்தான் உண்டு. அந்த இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சொன்னோம். மனைவிக்கு மாமனார் பெயரா, தகப்பனார் பெயரா என்று ஒரு விவாதம். பிள்ளைக்கு நம் வழக்கப்படி அவன் அப்பா பெயர். முடிவில் மூன்று பேருக்கு மூன்று டைட்டில். அவர் தாளைத் தூக்கிப் பிடித்து, "நீங்கள் மூவரும் ஒருவருக்கொருவர் என்ன வேண்டும்?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். சிலிண்டர் வர நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை மண்ணெண்ணெய் அடுப்புதான்.

அடுப்பு என்றதும் எண்ணெய் ஞாபகம் வருகிறது. கடையில் தேங்காய் எண்ணெய் கேட்டோம். சின்ன பாட்டிலில் கொடுத்தார். பெரியது வேண்டும், சமையலுக்கு என்றோம். கடையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைக்குத் தேய்க்கிற எண்ணெயில் மதராசிகள் குழம்பு வைக்கிறார்கள் என்ற செய்தி எங்களுக்கு முன்னே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. (அங்கே விந்தியத்துக்குத் தெற்கே உள்ள யாவரும் மதராசிகள், எங்களோடு இருந்த மலையாள நர்ஸுகளும் அப்படித்தான். நாங்கள் பேசும் மொழியின் பெயரும் மதராசிதான்.) நாங்கள் என்ன குறைந்தவர்களா? அவர்கள் கடுகெண்ணெயில் மீன் பொரிப்பதையும், அதே கடுகெண்ணெயைக் கைக்குழந்தையின் உடம்பெல்லாம் தேய்த்து வெயிலில் கிடத்துவதையும் பார்த்து, "இது என்ன, பிள்ளையையும் பொரிக்கப் போகிறார்களா?" என்று எங்களுக்குள் தமிழில் பேசிக்கொண்டோம். ஒரு வருஷத்தில் எங்கள் வீட்டிலும் கடுகெண்ணெய் மீன்தான். மூக்கில் ஏறுகிற அந்த நெடி இல்லாவிட்டால் இப்போது மீன் சாப்பிட்டது போலவே இல்லை.

எல்லை பக்கத்தில் இருந்ததால் வேறு வேடிக்கைகளும் உண்டு. ரக்ஸௌலில் பாலம் தாண்டினால் வீர்கஞ்ச், நேபாளம். அங்கே கடிகாரம் நம்மைவிடக் கால் மணி நேரம் முந்தி ஓடும். பணமோ நம் 100 ரூபாய்க்கு அவர்களுடைய 160 ரூபாய். சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்டாலும், "ஐ.சி.யா, என்.சி.யா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும், இந்தியக் காசா நேபாளக் காசா என்று. விடுமுறை அவர்களுக்குச் சனிக்கிழமை. திருச்சபைகளும் சனிக்கிழமையிலே ஆராதனைக்குக் கூடின. எல்லாவற்றிலும் விசேஷம் வருஷக் கணக்கு. நாங்கள் போன 1993இல் அங்கே 2050 பிறந்திருந்தது. நரை கண்ட ஒரு பெரியவர் சீட்டு எழுதும் இடத்தில் வந்து நின்று, "2001ஆம் வருஷம் பிறந்தேன்" என்றார். இன்றைக்கு உங்களுக்கு அதில் ஒன்றும் விநோதம் தோன்றாது. ஆனால் 1993இல், இன்னும் எட்டு வருஷம் கழித்துப் பிறக்கப்போகிறவர் மூட்டுவலி என்று வந்து நின்றால் எப்படி இருக்கும்! சீட்டு எழுதுகிறவர் தலையைக்கூடத் தூக்காமல் 57ஐக் கழித்து எழுதினார்.

நவம்பர் முடிய நாங்கள் குளிர் என்றால் குற்றாலச் சாரல் என்றே நினைத்திருந்தோம். டிசம்பரில் பனிமூட்டம் இறங்கியது. நாலைந்து நாள் தொடர்ந்து சூரியனைப் பார்க்கவில்லை. முற்றத்தில் நிற்கிற ஆளை வராந்தாவிலிருந்து அடையாளம் தெரியாது. வைக்கோலையும் கரும்புச் சோகையையும் கொளுத்திப்போட்டு, டாக்டர், தோட்டக்காரர், நோயாளியின் மாமனார் எல்லாரும் ஒரே வட்டமாக உட்கார்ந்து குளிர் காய்வோம். அந்த ஒரே ஸ்வெட்டரை முறை வைத்துப் போட்டுக்கொண்டோம். அதற்கு ஒரு கால அட்டவணைகூட இருந்தது. இட்லி மாவு இரண்டு நாள் ஆகியும் பொங்கவில்லை. புதிதாகத் தைத்து வாங்கிய பஞ்சு ரஜாயில் மாவுப் பாத்திரத்தைச் சுற்றி வைத்தோம். அன்று இரவு மாவு சுகமாகத் தூங்கிற்று, நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம். காலையில் இட்லி, தட்டில் போட்டால் சத்தம் கேட்கிற மாதிரிதான் வந்தது.

இனி பாஷையைப் பற்றிச் சொல்லவேண்டும். இதிலேதான் எல்லாம் இருக்கிறது.

போவதற்கு முன் ஆறு மாதம் இந்தி படித்தோம். ஆனால் வருகிற ஜனங்கள் பேசுவது போஜ்புரி. அதிலே ஒரு ஆள் தன்னைச் சொல்லும்போதும் "ஹம்" என்பார். எங்கள் இந்திப் புத்தகத்தில் ஹம் என்றால் நாங்கள். "நாங்கள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை" என்று ஒரு பாட்டி சொன்னால், மற்றவர்கள் எங்கே என்று வாசலைப் பார்ப்போம். இரண்டு வாரம் கழித்துத்தான் பாட்டி ஒருத்திதான் என்று புரிந்தது.

எண்கள் இன்னும் மோசம். நமக்கு இருபதுக்குமேல் ஒன்று, இரண்டு என்று கூட்டிக்கொண்டு போகலாம். அங்கே ஒன்று முதல் நூறு வரை ஒவ்வொன்றும் தனித்தனிப் பிறவி. 29 உன்தீஸ், 39 உன்தாலீஸ், 49 உன்சாஸ், 59 உன்சட். நாங்கள் காய்கறிக்காரரிடம் எப்போதும் ஒரு பத்து ரூபாய் கூடுதலாகவே கொடுத்துவந்தோம். அவர் பாதி நாள் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏழும் அறுபதும் இருக்கிறதே, ஏழு "ஸாத்", அறுபது "ஸாட்". எழுதினால் வித்தியாசம் தெரிகிறது. பல் விழுந்த ஒருவர் அவசரத்தில் சொன்னால் எங்கள் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். "கல்" என்றால் நேற்று, நாளைக்கும் "கல்"தான். வினைச்சொல்லைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாங்களோ வினைச்சொல் வருவதற்குள் பெயர்ச்சொல்லிலேயே களைத்துப் போயிருப்போம்.

"மன் கராப் பா" என்று ஒருவர் வந்தார். மனம் சரியில்லை என்கிறாரே என்று எங்களுக்கு இளகிவிட்டது. வீட்டில் ஏதாவது சண்டையா, கடனா என்று ஆறுதலாக விசாரித்துக்கொண்டிருந்தோம். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். கடனும் இருந்தது, சண்டையும் இருந்தது. வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா எட்டிப்பார்த்து, "சாஹேப், அவர் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்" என்றாள். மண்ணீரல் தொப்புள்வரை வீங்கியிருந்தது. காலா அஸார். 1990களின் தொடக்கத்தில் பீகாரில் அந்த நோய் மிகவும் பெருகியிருந்த காலம். அந்தப் பக்கத்தில் மன் கராப் என்றால் உடம்பு சரியில்லை என்றுதான் அர்த்தம். அவருக்கு அன்றைய முறைப்படி நாள்தோறும் ஊசி போட்டு, பல வாரம் வைத்திருந்து, சுகமாக்கி அனுப்பினோம்.

அந்த ஆயாவை எல்லாரும் மௌசி என்போம், சித்தி என்ற பொருளில். எழுதப் படிக்கத் தெரியாது. எங்களுக்குப் பாஷை கற்றுக்கொடுத்தது அவள்தான் என்று எழுதியிருக்கலாம், ஆனால் டிசம்பர்வரை நாங்கள் அவளிடம் ஒன்றும் கேட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. அவள் பேசுவது சுத்த இந்தி அல்ல என்று எங்களுக்கு ஓர் எண்ணம். அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு காலை. பனி விலகவில்லை, நோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. நாங்கள் இருவரும் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் இருந்தோம், ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத. ஓர் இளைஞர் வந்தார், கையில் பிள்ளை இல்லை. ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் சைக்கிளில் வந்திருக்கிறார். குழந்தை பால் குடிக்கவில்லை என்றார். எத்தனை நாள் பிள்ளை என்று கேட்டோம். அவர் சொன்னது ஏழு; நாங்கள் எழுதினது அறுபது. பிறகு அவர் ஏதோ வேகமாகச் சொன்னார். அதிலே எங்கள் காதில் தெளிவாக விழுந்தது இரண்டே சொல்: "கல் சட்டி."

பங்காளர்களே, நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பாட்டியின் கல்சட்டி! சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்து அவர் என்ன சொன்னார் என்பது எங்களுக்குள் போகவே இல்லை. இரண்டு மாதப் பிள்ளை, சளியாயிருக்கும், வயிற்று உப்புசமாயிருக்கும் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, "கல் லே ஆயியே", நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்றோம். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த ஆளைக் கூப்பிட்டோம்.

மௌசி கதவருகே துடைப்பத்தோடு நின்றவள், அதைப் போட்டுவிட்டு ஓடினாள். அவளுக்கு ஐம்பது வயதுக்கு மேலே. அவள் ஓடி நாங்கள் பார்த்ததில்லை. வெளி வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவரை அப்படியே கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். "சாஹேப், நேற்றுத்தான் இவன் பிள்ளைக்குச் சட்டி ஆயிற்று என்கிறான், நீங்கள் நாளைக்கு வா என்கிறீர்களே!"

சட்டி என்பது அங்கே பிள்ளை பிறந்த ஆறாம் நாள் செய்கிற சடங்கு. கல் சட்டி: நேற்று ஆறாம் நாள். அப்படியானால் இன்றைக்கு ஏழு. ஏழு நாள் பிள்ளை, முதல் சில நாள் நன்றாகப் பால் குடித்தது, நேற்று முதல் குடிக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. இதற்கு மேலே எந்த மருத்துவ மாணவனுக்கும் சொல்லவேண்டியதில்லை. டெட்டனஸ், நம் ஊரில் ஜன்னி என்பார்கள். வீட்டில் பிரசவம், அரிவாளாலோ பழைய பிளேடாலோ கொடி அறுப்பார்கள், புண்ணில் சாணிச் சாம்பலோ எண்ணெயோ வைப்பார்கள். தாய்க்குக் கர்ப்பத்தில் இரண்டு தடுப்பூசி போட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு வயிற்றுப் பிள்ளைக்கும் போயிருக்கும். போடவில்லை. "முன்பு குடித்ததா, பிறகு நிறுத்தியதா?" என்ற ஒரு கேள்வியை நாங்கள் கேட்டிருந்தால் ஏழும் அறுபதும் குழம்பினாலும் தப்பியிருக்கலாம். கேட்கவில்லை.

மருத்துவமனை ஜீப் அன்று மருந்து வாங்க மோதிஹாரி போயிருந்தது. மௌசி தனக்குத் தெரிந்த ஒரு டம்டம் வண்டிக்காரரை, அதாவது நம் ஜட்கா வண்டி போன்றதுதான், மூடுபனியில் அனுப்பிவைத்தாள். பிற்பகல் மூன்று மணிக்குப் பிள்ளை வந்தது. தாடை இறுகியிருந்தது. தொட்டால் உடம்பு வில்லாய் வளைந்தது, கதவு சாத்துகிற சத்தத்துக்கும் வளைந்தது. ஜன்னல்களுக்குக் கம்பளி தொங்கவிட்டு ஓர் அறையை இருட்டாக்கினோம். விஷமுறிவு ஊசி, பெனிசிலின், இழுப்பு வராமலிருக்க மருந்து, மூக்குவழியாகக் குழாயில் தாய்ப்பால், துளித் துளியாக. எவ்வளவு கவனித்தாலும் இந்த நோயில் பல பிள்ளைகள் நிற்பதில்லை. தகப்பனிடம் அதைச் சொல்லவேண்டியிருந்தது. எங்கள் இந்தியை நம்பாமல் மௌசியைக் கொண்டே சொன்னோம். காலையில் நடந்த தவறையும் அவளைக் கொண்டே சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டு, "பிள்ளை இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

வழக்கமாக மின்சாரம் போனால் முணுமுணுப்போம். அந்த நாட்களில் போகட்டும் என்றிருந்தோம், இருட்டாவது கிடைக்கும். மூன்றாம் இரவு ஒரு கல்யாண ஊர்வலம் வந்தது. அது முகூர்த்தக் காலம். பேண்டு வாத்தியம், ஒலிபெருக்கி, வெடி. தூரத்தில் ஒரு வெடி கேட்டதற்கே பிள்ளை மூச்சடைத்து நீலமாயிற்று. காவற்காரர் லாந்தரை எடுத்துக்கொண்டு சாலைக்கு ஓடினார். என்ன சொன்னாரோ தெரியாது. மருத்துவமனைச் சுவர் ஆரம்பிக்கிற இடத்தில் வாத்தியம் நின்றது. அந்த ஊர்வலம் முழுவதும், மாப்பிள்ளை, கொம்பு ஊதுகிறவர், தலையில் விளக்கு சுமக்கிற பிள்ளைகள், எல்லாரும் காலடிச் சத்தம்கூடக் கேளாமல் எங்கள் சுவரோரமாக நடந்து போனார்கள். நாங்கள் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கால்வாய்ப் பாலத்துக்கு அப்பால் போனபிறகுதான் மறுபடியும் ஒரு கொம்பு ஒலித்தது.

கிறிஸ்துமஸ் அன்று இழுப்பு வரவில்லை. மறுநாள் வந்தது. பிறகு நான்கு நாள் வரவில்லை. ஜனவரி முதல் வாரத்தில் பிள்ளை தாயிடம் நேராகப் பால் குடித்தது. தேவனுக்கு ஸ்தோத்திரம். நீங்கள் அனுப்பியிருந்த காணிக்கையிலே வாங்கின மருந்துதான் அந்தக் கட்டிலுக்குப் போனது என்பதையும் இங்கே சொல்லிக்கொள்ளுகிறோம்.

அதன்பின் சீட்டு எழுதும் இடத்தில் பிள்ளையின் வயதை வாயால் மட்டும் கேட்பதை விட்டோம். விரல்விட்டு எண்ணிக் காட்டச் சொல்வோம், சட்டி ஆயிற்றா என்றும் கேட்போம். மௌசிக்கு நாள்தோறும் சாயங்காலம் ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம்; அவள் ஆசிரியை, நாங்கள் மாணவர். திட்டு பலமாக விழும். கிராமத்து மருத்துவச்சிகளுக்குச் சுத்தமான பிளேடும் நூலும் கொடுத்துப் பழக்குவதும், கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போடுவதும் எங்கள் வேலையில் பெரும் பங்காயிற்று. 2015இல், இந்தியாவில் தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் டெட்டனஸ் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது என்று உறுதியானபோது நாங்கள் இங்கே தெற்கே வந்துவிட்டிருந்தோம். மௌசி அதற்கு முன்பே கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தாள்.

அந்த முதல் வருஷப் பொங்கலன்று, ஜனவரி 14, நாங்கள் ஊரை நினைத்துக்கொண்டு ஒரு பிடி அரிசி போட்டுப் பொங்கவைத்துக்கொண்டிருந்தோம். அங்கே அன்றைக்கு அவலும் தயிரும் எள்ளு மிட்டாயும் சாப்பிடுகிற பண்டிகை. வாசலில் சைக்கிள் மணி. அந்தத் தகப்பன். ஒரு பையில் அவல், கைப்பிடியில் துணி சுற்றித் தொங்கவிட்ட ஒரு மண் பாத்திரம், அதில் கெட்டித் தயிர். பத்து கிலோமீட்டர் சிந்தாமல் கொண்டுவந்திருக்கிறார். எங்களில் ஒருவர் அதைக் கையில் வாங்கியதும், தன்னையறியாமல் தமிழில், "ஐயோ, சட்டி!" என்று சொல்லிவிட்டார்.

அவர் பயந்துபோய் எங்களைப் பார்த்தார். பிறகு விரல்களை விட்டு, மெதுவாக, காது கேளாதவர்களுக்குச் சொல்வது போல, சொன்னார்: "சட்டி முடிந்து ஐந்து வாரம் ஆயிற்று சாஹேப். இது தயிர்."